மத்தி வராத வருஷங்கள்

(கடற்கரை ஊர் ஒன்றின் நூலகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குப் பேசப்போகிற மீனை முன்வரிசையில் இருக்கிற அண்ணன்மார் சாளை என்பீர்கள். கிழக்குக் கரையில் பேச்சாளை என்பார்கள். ஊருக்குள் மத்தி. நான் மத்தி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2012இல் கேரளக் கரையில் மட்டும் பிடிபட்ட மத்தி ஏறக்குறைய 3.9 லட்சம் டன். 2021இல் அதே கரையில் 3,297 டன். நூறில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. இரண்டும் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு.

இதைச் சொன்னதும் இரண்டு குரல் எழும். "எல்லாம் படகுக்காரன் பேராசை" என்று ஊருக்குள்ளிருந்து ஒன்று. "கடல் மாறிப்போச்சு, நாங்க என்ன பண்ண?" என்று கரையிலிருந்து இன்னொன்று. கரையில் சொல்வதில்தான் நியாயம் அதிகம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

மத்திக்குச் சாப்பாடு கடல்நீரில் மிதக்கிற நுண்பாசி. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது அரபிக்கடலின் ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே ஏறி வருகிறது. வெயில் பட்டதும் பாசி பெருகுகிறது. அந்தக் காலத்தை ஒட்டித்தான் மத்தி முட்டையிடுகிறது. காற்று பிசகினாலோ நீர் சூடேறினாலோ குஞ்சுக்கு இரை இல்லை. இந்த மீனின் ஆயுசே இரண்டு, இரண்டரை வருஷம். ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த வருஷமே மடிவலை காலி.

1940களிலும் இப்படித்தான் ஆனது. இன்றைக்குள்ள எஞ்சினும் இல்லை, நைலான் வலையும் இல்லை. ஆனாலும் மத்தி காணாமல் போனது. 1943இல் சென்னை மாகாண அரசு மலபார், தென் கன்னடக் கரைகளில் சில வலைகளுக்குத் தடை போட்டது. அவற்றில் ஒன்றின் பெயர் மத்திக்கொல்லி வலை. இவ்வளவு ஒளிவுமறைவில்லாத பெயரை இப்போது யாரும் வைப்பதில்லை. சில ஆண்டுகளில் தடை போய்விட்டது. மத்தி பிறகு திரும்பி வந்தது.

அப்படியானால் கடல் போட்டபடி நடக்கட்டும், நாம் பிடிக்கிறதைப் பிடிப்போம் என்று விட்டுவிடலாமா? இங்கேதான் கரைக்காரரோடு எனக்குப் பிணக்கு. கடல் ஏமாற்றுகிற வருஷத்தை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் அந்த வருஷம் வரும்போது தண்ணீருக்குள் எவ்வளவு தாய்மீன் மிச்சமிருந்தது என்பதில் நம் வலைக்கும் பங்குண்டு.

பெரு நாட்டைப் பாருங்கள். நம் நெத்திலிக்கு உறவான அஞ்சோவெட்டா என்ற மீன் அங்கே உண்டு. 1970இல் அதை மட்டும் 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல் அள்ளினார்கள். மனுஷன் தின்னவா என்றால் இல்லை. பெரும்பங்கு மாவாக அரைபட்டு வெளிநாட்டுக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போனது. 1972இல் எல் நினோ வந்தது, சில வருஷத்துக்கு ஒருமுறை பசிபிக் கடல் சூடேறுமே, அது. அந்தக் கடலுக்கு எல் நினோ புதிதல்ல, எத்தனையோ பார்த்திருக்கிறது. இந்தத் தடவை தாங்குவதற்கு மீன் மிச்சமில்லை. தொழில் விழுந்தது. பழைய அளவைத் திரும்பத் தொட இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

இப்போது அங்கே பருவம் திறக்கும் முன் ஆராய்ச்சிக் கப்பல் போய்ப் பார்த்து வருகிறது. 12 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது குஞ்சு. 2023இல் எங்கு பார்த்தாலும் குஞ்சாக இருந்ததால் நாட்டின் வடக்கு, நடுப் பகுதிக் கடலில் முதல் பருவத்தையே ரத்து செய்துவிட்டார்கள். அத்தனை பெரிய தொழில் அது. ஆனாலும் படகைக் கட்டிப் போட்டார்கள்.

கேரளத்திலும் அளவு உண்டு. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது. 2024இல் அங்கே மத்தி மறுபடி கொட்டியது. ஆனால் வளர்ச்சி குன்றிய மீன். வாய் அதிகம், இரை பற்றவில்லை என்றார்கள் ஆய்வாளர்கள். விலை அடிமட்டத்துக்குப் போனது. சாப்பாட்டுக்கு ஆகாத பொடிமீனையும் எடுத்துக்கொள்ள மீன்மாவு ஆலை இருக்கிறது. எதைக் கொண்டுவந்தாலும் ஒரு விலை உண்டு என்றால் யார் குஞ்சைத் தண்ணீரில் விடுவார்கள்? வலையின் கண்ணைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இந்த ஆலைதான்.

நம் பக்கம் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுக்கு. நாட்டுப்படகுக்கு இல்லை, அது நியாயமும்கூட. மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி அள்ளுகிற சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாட்டில் 2000த்திலிருந்தே தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்று போட்டது. 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் அனுமதி. மத்தி நாள்கிழமை பார்த்து நீந்துவதில்லை என்று சிரிக்கலாம். எதுவுமில்லாததற்கு அது மேல் என்பது என் கட்சி. அந்த வழக்கில் உங்களிலேயே இரண்டு கட்சி இருப்பது தெரியும், அதற்குள் இப்போது போகவில்லை.

மத்தி குறைந்தால் மத்தியோடு போகாது. வஞ்சிரமும் சூரையும் எதைத் துரத்திக்கொண்டு கரைப்பக்கம் வருகின்றன? 2011இல் கடற்பறவைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. இரைமீன் அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் பறவை குஞ்சு பொரித்து வளர்ப்பதே குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். ஏழு கடற்பகுதிகள், பதினான்கு இனங்கள். எங்கும் கிட்டத்தட்ட அதே மூன்றில் ஒன்று. கடலுக்கென்று ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டுமானால் கணக்கை அங்கிருந்து தொடங்கலாம்.

அதிகாரிகள் இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறீர்கள். படகைக் கட்டிப்போட்டவருக்கு அது. மடியில் ஏறியதெல்லாம் குஞ்சு என்று கண்டு, மடியை அவிழ்த்துவிட்டு டீசல் காசும் இல்லாமல் கரைக்கு வருகிறவருக்கு என்ன தருகிறீர்கள்? ஒலிவாங்கியை அந்தப் பக்கம் கொடுங்கள் தம்பி, அவர்கள் சொல்லட்டும்.