நிறம் மாறிப் பச்சையான சதைப்பற்றுச் செடி: நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

புனலூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஏப்ரலில் ஊட்டிக்குப் போனபோது 'கலிஃபோர்னியா சன்செட்' என்னும் செடியை, அதன் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்துக்காகவே வாங்கி வந்தாராம். வரவேற்பறையில் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இப்போது ஜூலையில் செடி முழுப் பச்சையாகி, நெட்டையாக வளர்ந்து, அடியிலைகள் கண்ணாடி போலாகி உதிர்கின்றன. எந்த உரம் போட்டால் பழைய நிறம் திரும்பும் என்பது அவருடைய கேள்வி.

உரம் எதுவும் வேண்டாம், சகோதரி. உரம் போட்டால் செடி இன்னும் பச்சையாகும். நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட அந்த நிறம் ஊட்டத்தால் வந்ததன்று. கடுமையான வெயிலிலிருந்து தன் பச்சையத்தைக் காத்துக்கொள்ள இலை உண்டாக்கும் ஆந்தோசயனின் போன்ற நிறமிகளால் வந்தது. நல்ல வெளிச்சம், குளிர்ந்த இரவு, சிறிது தாகம், குறைந்த தழைச்சத்து ஆகியவை சேர்ந்தால்தான் அது கூடும். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் இவை எளிதாக அமைகின்றன. மலையடிவாரத்தில் இருக்கும் உங்களுக்கும், செங்கோட்டையில் இருக்கும் எனக்கும், சாரல் மாதங்களில் அமைவதில்லை.

இது கிராப்டோபெட்டலம், சீடம் என்னும் இரண்டு பேரினங்களைக் கலந்து உருவாக்கிய கிராப்டோசீடம் வகை. இதன் பெற்றோரில் ஒன்றான 'கிராப்டோபெட்டலம் பராகுவாயென்சி' என்னும் இனத்தின் பெயரில் பராகுவே நாடு ஒட்டிக்கொண்டிருந்தாலும், அதன் தாயகம் மெக்சிகோதான். பெயர் வைத்தபோது நேர்ந்த பிழை அப்படியே நின்றுவிட்டது. அங்கே பாறைகளில் வளரும் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இவ்வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறப்பதால், ஊற்றும் தண்ணீரை மிக மெதுவாகவே செலவழிக்கின்றன. காற்றே ஈரமாக இருக்கும் ஜூலையில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

உதிரும் இலைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியிலை காகிதம் போல் காய்ந்து சருகாக உதிர்ந்தால் அது முதுமை, கவலைப்பட வேண்டாம். இலை சுருங்கி, விரலால் அழுத்தும்போது தொய்வாக இருந்தால் அது தாகம். நீங்கள் சொல்வதுபோல் மஞ்சளாகி, உள்ளே நீர் கோத்து, தொட்டவுடன் கழன்று விழுந்தால் அது அழுகலின் தொடக்கம். இம்மூன்றையும் பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றியதால்தான், முதல் வருடச் சாரலில் மதில்மேல் வைத்திருந்த என் தொட்டிகள் பாதிக்கு மேல் தண்டு கறுத்துப் போயின.

இன்றே செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். நாற்றுப்பண்ணைச் செடிகள் பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளில் வருகின்றன. மேலே காய்ந்து தெரிந்தாலும் வேரின் நடுவே அது பல நாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதை முழுவதும் உதிர்த்துவிட்டுத் தண்டை வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடத்தில் கறுப்பு வளையமோ பழுப்புப் புள்ளியோ தெரிந்தால், வெண்பச்சையான நல்ல பகுதி தெரியும்வரை கத்தியைத் துடைத்துத் துடைத்து மேலே மேலே வெட்டுங்கள். இரண்டங்குலத் தண்டோடு தலைப்பகுதி கிடைத்தால் போதும். மழை படாத நிழலில் ஐந்தாறு நாள் வைத்து, வெட்டுவாய் நன்றாகக் காய்ந்தபின் நடலாம். நெட்டையாகிவிட்ட தண்டு மறுபடி குட்டையாகாது என்பதால், அழுகல் இல்லாவிட்டாலும் இப்படி வெட்டி நடத்தான் வேண்டும். அடித்தண்டு நலமாக இருந்தால் அதையும் எறிய வேண்டாம், பக்கத்துளிர்கள் வரும். அடியோடு முழுமையாகக் கழன்ற நல்ல இலைகளை மண்மேல் சும்மா வைத்தாலே சில வாரங்களில் வேரும் குட்டியும் விடும். கலப்பினத்தை அதே குணத்தோடு பெருக்க இதுதான் வழி; விதை என்று இணையத்தில் விற்பதை வாங்கி ஏமாற வேண்டாம்.

மண்ணுக்கு, சலித்துத் தூளை நீக்கிய செங்கல் துண்டுகள் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மட்கிய இலையுரம் ஒரு பங்கு, கைப்பிடி அடுப்புக்கரி. மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும் வெள்ளைத் துகளான பெர்லைட் கிடைத்தால் சேர்க்கலாம், கிடைக்காவிட்டால் குறையில்லை. அடியில் துளையுள்ள மண்தொட்டியே நல்லது.

சாரல் முடியும்வரை நிறத்தை மறந்துவிட்டு, வெளிச்சம் விழும் தாழ்வாரத்திலோ ஒளி ஊடுருவும் கூரைத்தகட்டின் கீழோ, காற்றோட்டமாக வையுங்கள். ஓர் ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுத்து, மண் ஒட்டாமல் வந்து, இலையும் சற்றுத் தொய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் இதே கட்டுப்பாடுதான். மார்கழி பிறந்து இரவு குளிரத் தொடங்கியதும் தொட்டியைச் சிறிது சிறிதாக வெயிலுக்கு நகர்த்தி, நாலைந்து மணி நேரக் காலை வெயில் படச் செய்தால், தை மாதத்துக்குள் இலைநுனிகளில் சிவப்பு ஏறத் தொடங்கும். ஒரேயடியாக மொட்டைமாடிக்குக் கொண்டு போனால் இலை வெந்து வடு விழும். அந்த வடு ஆறாது. இலைமேல் உள்ள சாம்பல் பூச்சையும் விரலால் துடைக்காதீர்கள், துடைத்த இடம் அப்படியே தெரியும். உங்கள் ஊரில் ஊட்டி அளவுக்கு நிறம் வராது. ஓரங்களில் செம்பு நிறம் படிந்தாலே நல்ல வளர்ப்பு என்று கொள்ளலாம்.