எத்தனை கிளியோபாட்ராக்கள்!

வணக்கம் நேயர்களே. கிளியோபாட்ரா என்றதும் பாம்புக்கடியும் ஆண்டனியும்தான் நம் நினைவுக்கு வரும். அவர் அந்தப் பெயரில் எகிப்தை ஆண்ட ஏழாமவர். அவருக்கு முன்னால் ஒரு பெரிய வரிசையே உண்டு.

முதலில் ஒரு கல்யாண வீடு. கி.மு. 336, மாசிடோனியா. மன்னர் பிலிப்பின் மகள் கிளியோபாட்ராவுக்குத் திருமணம். மாப்பிள்ளை அலெக்சாண்டர், பெண்ணின் தாய்மாமன். பெண்ணின் அண்ணனும் அலெக்சாண்டர்தான், உலகை வென்றவரேதான். பிலிப்பின் புது மனைவி பெயரும் கிளியோபாட்ரா! அந்த வீட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்களோ? அந்தக் கொண்டாட்டத்திலேயே பிலிப் தன் மெய்க்காவலன் கையால் குத்துப்பட்டுச் செத்தார்.

சரி, என் மனதுக்குப் பிடித்தவருக்கு வருகிறேன். கிளியோபாட்ரா தியா. எகிப்திய இளவரசி, சிரியாவின் அரசி. அம்மா கிளியோபாட்ரா, தங்கையும் கிளியோபாட்ரா. முதல் கணவரைக் கட்டிவைத்தவர் அப்பா. பிறகு அரசியல் மாறியதும் அவரிடமிருந்து பிரித்து, எதிரியான திமெத்ரியசுக்குக் கொடுத்தவரும் அதே அப்பாதான். திமெத்ரியசை ஈரான் பக்கத்துப் பார்த்தியர்கள் சிறைபிடித்ததும், தியா அவருடைய தம்பியை மணந்தார். ஆக மூன்று கணவர்கள், மூவரும் அரசர்கள். அப்புறம் திமெத்ரியஸ் விடுதலையாகித் திரும்பி வந்தார். போரில் தோற்று அடைக்கலம் தேடி வந்தவருக்கு அம்மையார் கோட்டைக் கதவைத் திறக்கவே இல்லை.

மூத்த மகன் தன்னைக் கேட்காமல் முடிசூடிக்கொண்டான் என்று அவனை அம்பெய்து கொன்றதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கொஞ்ச காலம் தன் பெயரில் மட்டுமே காசு அடித்தார். பிறகு இளைய மகன் அந்தியோகசைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் காசைப் பார்க்க வேண்டும்: முன்னால் அம்மாவின் முகம், அதன் பின்னால் பாதி மறைந்து, வளைந்த மூக்கோடு மகன். யார் கையில் ஆட்சி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மகன் சும்மா இருப்பானா? கி.மு. 121-இல் ஒருநாள் பயிற்சி முடித்துக் களைத்து வந்தவனுக்கு அம்மா ஒரு கிண்ணம் நீட்டினார். "நீங்கள் முதலில் குடியுங்கள் அம்மா" என்றான். மறுத்தார். விடாமல் வற்புறுத்தினான். வேறு வழியின்றிக் குடித்தார், செத்தார். கதை பழைய வரலாற்றாசிரியர்கள் சொன்னது. அவர்களுக்கு அதிகாரம் பிடித்த பெண்களைக் கண்டால் ஆகாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நேரம் நெருக்குகிறது. ஏழாமவரின் மகள் கிளியோபாட்ரா செலீனை இரண்டு வரியிலாவது சொல்லிவிடுகிறேன். தாய் இறந்ததும் ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆண்டனி கைவிட்ட மனைவி ஒக்டேவியாவிடமே வளர்ந்தாள். பிறகு இரண்டாம் ஜூபாவை மணந்து, இன்றைய அல்ஜீரியா பக்கத்தில் மௌரித்தானியாவின் அரசியானாள். நன்றி, வணக்கம்.