சான் சிரோ என்னும் ஒண்டுக்குடித்தனம்

வணக்கம். நேரம் குறைவு என்று ஏற்பாட்டாளர்கள் முன்பே எச்சரித்துவிட்டார்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கால்பந்து அரங்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது இத்தாலியில் மிலான் நகரத்துச் சான் சிரோ. இதைவிட அழகான அரங்கங்கள் இருக்கின்றன, வசதியானவை நிறையவே இருக்கின்றன. ஆனால் இது ஒரே மூச்சில் கட்டி முடித்த கட்டடம் இல்லை. 1926-ல் ஒன்று, 1939-ல் கொஞ்சம், 1955-ல் ஒன்று, 1990-ல் ஒன்று. ஒவ்வொரு தடவையும் பழையதை இடித்துத் தள்ளாமல் அதைச் சுற்றியும் மேலேயும் புதிதாகக் கட்டிக்கொண்டே போனார்கள். நம் பெரிய கோயில்களில் நடுவில் சின்னக் கருவறை, அதைச் சுற்றிப் பிரகாரம், அதற்கு வெளியே இன்னொரு பிரகாரம், வெளியே போகப் போகக் கோபுரத்தின் உயரம் ஏறிக்கொண்டே போகும் இல்லையா, கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான்.

முதல் படத்தைப் பார்த்தபோது நான் இதைப் பல மாடி வாகன நிறுத்தம் என்று நினைத்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஏன் அப்படித் தோன்றியது என்பதற்கு அப்புறம் வருகிறேன், இன்றைய பேச்சின் முக்கியமான இடமே அதுதான்.

ஆரம்பித்து வைத்தவர் பியரோ பிரெல்லி. ஆமாம், டயர் கம்பெனி பிரெல்லி குடும்பம்தான். அவர் அப்போது ஏசி மிலான் கிளப்பின் தலைவர். நகரத்துக்கு மேற்கே சான் சிரோ பகுதியில், குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில், தன் கிளப்புக்கென்று ஒரு அரங்கம் கட்ட முடிவு செய்தார். வடிவமைத்தவர்கள் இருவர்: பொறியாளர் அல்பெர்த்தோ குஜீனி, கட்டடக் கலைஞர் உலிசே ஸ்டக்கீனி. மிலானின் அந்தப் பிரம்மாண்டமான மத்திய ரயில் நிலையம் ஸ்டக்கீனியின் வடிவமைப்புதான். ரயில் நிலையத்தில் சிலைகளும் வளைவுகளுமாகக் கொட்டித் தீர்த்த மனிதர், இங்கே கையைக் கட்டிக்கொண்டுவிட்டார். நீள்சதுர மைதானம், நாலு பக்கமும் நேரான நாலு கேலரி, அவ்வளவுதான்.

அதில் ஒரு பெரிய முடிவு ஒளிந்திருந்தது. ஓடுபாதை கிடையாது. இத்தாலியில் பல அரங்கங்களில் மைதானத்தைச் சுற்றித் தடகள ஓடுபாதை இருக்கும். ஒரே செலவில் இரண்டு வேலை என்று நகராட்சிகளுக்கு அது பிடிக்கும். பார்க்கிறவனுக்குத்தான் கஷ்டம், கோல் அங்கே எங்கேயோ நடக்கும். சான் சிரோ இங்கிலாந்து பாணியில் கால்பந்துக்கு மட்டும் என்று கட்டப்பட்டது, முதல் வரிசைக்காரனுக்கும் கோட்டுக்கும் நடுவே சில அடி தூரம்தான். பின்னால் எத்தனை மாடி ஏற்றினாலும் இந்த அரங்கத்தில் ஒரு நெருக்கம் இருந்ததற்கு, அன்று எடுத்த அந்த முடிவுதான் காரணம். இதற்கு நேர் எதிர் உதாரணம் டூரின் நகரத்து டெல்லே ஆல்ப்பி. 1990 உலகக் கோப்பைக்காகப் புத்தம் புதிதாக, ஓடுபாதையோடு கட்டினார்கள். யுவென்டஸ் மாதிரி பெரிய கிளப் ஆடியும் காலி இருக்கைகள்தான் அதிகம் தெரிந்தன. இருபது வருடம்கூடத் தாங்காமல் 2009-ல் இடித்துவிட்டு, அதே இடத்தில் ஓடுபாதை இல்லாத சிறிய அரங்கம் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள்.

சரி, மிலானுக்குத் திரும்புவோம். 1926 செப்டம்பர் 19 அன்று திறப்பு விழா ஆட்டம். சுமார் 35,000 பேர் கொள்ளும் அரங்கம், எதிரணி அதே ஊர்க்காரர்களான இண்டர். இண்டர் 6, மிலான் 3. சொந்தக் கிரகப்பிரவேசத்திலேயே விருந்தாளியிடம் அடி வாங்கிய வீட்டுக்காரன் கதை. அந்த விருந்தாளி பிற்பாடு அதே வீட்டுக்குக் குடிவருவான் என்று அன்று யாருக்குத் தெரியும்!

1935-ல் மிலான் கிளப் அரங்கத்தை நகராட்சிக்கு விற்றுவிட்டது. நகராட்சி நாலு கேலரிகளுக்கு இடையே இருந்த மூலைகளை வளைவாக இணைத்து, 1939-க்குள் கொள்ளளவை ஐம்பதாயிரத்துக்கு மேல் கொண்டுபோனது. இதற்கு மேல் அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 1947-ல் இண்டர் குடிவந்தது. அதுவரை அவர்கள் ஆடியது நெப்போலியன் காலத்தில், 1807-ல் திறந்த பழைய அரீனாவில். கூட்டம் பெருகிவிட்டது, அங்கே இடம் போதவில்லை.

அன்றிலிருந்து இது ஒண்டுக்குடித்தனம். ஒரே முற்றம், இரண்டு குடும்பம், ஜென்மப் பகை. தெற்கு வளைவு மிலான் ரசிகர்களுக்கு, வடக்கு வளைவு இண்டர் ரசிகர்களுக்கு, ஆளுக்கொரு உடை மாற்றும் அறை. இந்த ஏற்பாட்டின் உச்சகட்ட வேடிக்கை 2003-ல் நடந்தது. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இரண்டு அணிகளும் மோதின. இரண்டு ஆட்டமும் சான் சிரோவில்தான், வேறெங்கே போவார்கள்? முதலாவது மிலானின் 'சொந்த' ஆட்டம், 0-0. அடுத்தது இண்டரின் 'சொந்த' ஆட்டம், 1-1. அப்போது இருந்த விதிப்படி, மொத்தக் கணக்கு சமம் என்றால் வெளியூர் மைதானத்தில் அதிக கோல் போட்ட அணி முன்னேறும். ஆக, தன் சொந்த வீட்டிலேயே போட்ட ஒரு 'வெளியூர்' கோலை வைத்து மிலான் இறுதிப் போட்டிக்குப் போனது, கோப்பையையும் வென்றது. இண்டர்காரர்களிடம் இதைப் பேசிவிடாதீர்கள்.

இன்னொன்று. அரங்கத்தைக் கட்டிய மிலான் தலைவர் பிரெல்லி என்றேன் அல்லவா, அதே பிரெல்லியின் பெயரை 1995 முதல் 2021 வரை சட்டையில் போட்டுக்கொண்டு ஆடியது இண்டர். பிரெல்லி கட்டிய வீடு ஒரு பக்கம், பிரெல்லி கம்பெனியின் பணம் மறு பக்கம்.

இப்போது 1955. என்னைப் பொறுத்தவரை சான் சிரோ பிறந்தது அந்த வருடம்தான். கட்டடக் கலைஞர் அர்மாந்தோ ரோன்கா, பொறியாளர் ஃபெருச்சியோ கல்ஸோலாரி. கேள்வி எளிமையானது: பழைய கேலரியைத் தொடாமல், இன்னும் பல்லாயிரம் பேரை எங்கே உட்கார வைப்பது? பழையதற்கு வெளியே கான்கிரீட் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் இரண்டாவது அடுக்கைச் சுமத்தி, அதைப் பழைய அடுக்கின் தலைக்கு மேலே கொஞ்சம் நீட்டிவிட்டார்கள்.

மேல் அடுக்கு என்றால் ஏன் அவ்வளவு செங்குத்தாக, பார்த்தாலே தலை சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அது பயமுறுத்துவதற்காக இல்லை. உங்கள் கண்ணிலிருந்து மைதானத்தின் பக்கவாட்டு எல்லைக் கோட்டுக்கு ஒரு நேர்க்கோடு போடுங்கள். அந்தக் கோடு முன்வரிசைக்காரனின் கண் மட்டத்துக்கு மேலே ஒன்பது, பத்து சென்டிமீட்டராவது விலகிப் போக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் ஆட்டத்தைப் பார்க்க மாட்டீர்கள், அவன் தலைமுடியைத்தான் பார்ப்பீர்கள். மைதானத்தை விட்டு உயரவும் விலகவும் இந்த ஒன்பது சென்டிமீட்டரைக் காப்பாற்றப் படியின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். செங்குத்து வந்தது அப்படித்தான்.

சரி, அவ்வளவு உயரத்துக்கு அத்தனை பேரை எப்படி ஏற்றுவது, அதைவிட முக்கியமாக, ஆட்டம் முடிந்ததும் ஒரே நேரத்தில் எப்படி இறக்குவது? படிக்கட்டு வைத்தால் ஒருவன் தடுக்கினால் போதும், பின்னால் நூறு பேர் நிற்பார்கள், இருநூறு பேர் தள்ளுவார்கள். ரோன்காவும் கல்ஸோலாரியும் சாய்தளம் போட்டார்கள். கட்டடத்தின் வெளிப்புறத்தை நீள நீளமாகச் சுற்றிக்கொண்டு மெதுவாக ஏறுகிற கான்கிரீட் பாதைகள். ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே சாய்வில். தண்ணீர் மாதிரி கூட்டம் அதில் வழிந்து இறங்கிவிடும்.

இதில் நான் ரசிப்பது, அவர்கள் அதை மறைக்கவில்லை என்பதைத்தான். வேறு யாராவதாக இருந்தால் முன்னால் ஒரு சுவர் எழுப்பி, அதில் ஜன்னலும் அலங்காரமும் வைத்து, சாய்தளத்தை உள்ளே தள்ளியிருப்பார்கள். இங்கே ஏறும் பாதையே முகப்பு. நான் வாகன நிறுத்தம் என்று ஏமாந்தது இந்தச் சாய்கோடுகளைப் பார்த்துத்தான். ஆனால் ஆட்ட நாளில் தூரத்திலிருந்து பாருங்கள், ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பட்டைகளில் ஒரே திசையில் ஏறிக்கொண்டிருக்கும்போது, மொத்தக் கட்டடமும் ஒரு பெரிய திருகாணி மாதிரி மெல்லச் சுழல்வதாகத் தோன்றும். ஆள் இல்லாத நாளில் அது வெறும் கான்கிரீட். நடக்கிறவர்களைச் சேர்த்துத்தான் அந்தக் கட்டடத்தின் தோற்றம் முழுமையாகிறது.

நடுவில் பெயர் மாறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1980-ல் அரங்கத்துக்கு ஜூசெப்பே மெயாஸா என்று பெயர் வைத்தார்கள். முந்தைய வருடம் இறந்துபோன மிலான் ஊர்க்காரர், 1934, 1938 இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்ற இத்தாலி அணியில் ஆடியவர். முப்பத்தெட்டு அரையிறுதியில் பெனால்டி உதைக்கப் போகும்போது கால்சட்டையின் எலாஸ்டிக் அறுந்துவிட, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே கோல் அடித்தார் என்று ஒரு கதை உண்டு. இரண்டு கிளப்புக்கும் ஆடியவர்தான், ஆனால் இண்டரில் பல வருடம், மிலானில் இரண்டே வருடம். அதனால் மிலான் ரசிகர்கள் இன்றும் சான் சிரோ என்றுதான் சொல்கிறார்கள்.

அப்புறம் 1990 உலகக் கோப்பை. எல்லோருக்கும் தெரிந்த சான் சிரோ இதுதான், பதினோரு உருளைக் கோபுரங்களும் தலைமேல் சிவப்புக் கர்டர்களும். ஜியான்கார்லோ ரகாஸி, என்ரிகோ ஹோஃபர், பொறியாளர் லியோ ஃபின்ஸி ஆகியோரின் வேலை. மறுபடியும் அதே சிக்கல், மறுபடியும் அதே பதில்: பழையதன்மேல் பாரம் ஏற்றாதே, வெளியே தனியாகக் கால் ஊன்று. மூன்றாவது அடுக்கு இரண்டாவதன்மேல் உட்காரவில்லை, அந்தக் கோபுரங்கள்மேல் நிற்கிறது. கோபுரங்களுக்குள்ளேயும் சுற்றிச் சுற்றி ஏறும் வழி உண்டு. மூலைகளில் உள்ள நான்கு கோபுரங்கள் மட்டும் இன்னும் உயர்ந்து கூரையைத் தாங்குகின்றன. மூன்றாவது அடுக்கு மூன்று பக்கம்தான் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? கிழக்கே குதிரைப் பந்தயத் திடல் நெருக்கியதால் அந்தப் பக்கம் இடமில்லை. 1990 ஜூன் 8 அன்று உலகக் கோப்பையின் முதல் ஆட்டமே இங்கேதான். நடப்பு சாம்பியன் அர்ஜென்டினாவை, இரண்டு பேரை சிவப்பு அட்டைக்குப் பறிகொடுத்து ஒன்பது பேராக நின்ற கேமரூன் 1-0 என்று கவிழ்த்தது.

ஆனால் அந்தக் கூரைக்குப் புல் விலை கொடுத்தது. இவ்வளவு உயரத்துக்குச் சுவரும் மேலே கூரையும் வந்துவிட்ட பிறகு வெயில் எப்படி உள்ளே வரும், காற்று எப்படிச் சுற்றும்? போதாததற்கு இரண்டு கிளப், மற்ற மைதானங்களைப் போல இரண்டு மடங்கு ஆட்டம். வேர் பிடிப்பதற்குள் பெயர்ந்துவிடும். வருடக்கணக்காகப் புல்தரையை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போய், 2012-ல் இயற்கைப் புல்லோடு செயற்கை இழைகளைக் கலந்த தரைக்கு மாறினார்கள். ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடிய மைதானத்தில், பந்து தரையில் தாறுமாறாகக் குதித்த காலம் ஒன்று இருந்தது. மூன்றாவது அடுக்கைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

இனி கடைசிக் கட்டம். 2019-ல் இரண்டு கிளப்பும் சேர்ந்து, பல வருடச் சண்டையில் அபூர்வமாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போய், இதை இடித்துவிட்டுப் பக்கத்தில் புதிது கட்டுகிறோம் என்றன. நகரத்தில் ஒரே ரகளை. 2020-ல் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அரசு அலுவலகம் ஒரு கருத்துச் சொன்னது: 1926 கட்டடத்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், பின்னால் சேர்த்தவை எழுபது வயதைத் தொடவில்லை, எனவே பாதுகாக்க வேண்டியதில்லை. காரணத்தைக் கவனியுங்கள். அடுக்கடுக்காக வளர்ந்ததுதான் இதன் சிறப்பு என்று நான் இவ்வளவு நேரம் சொன்னேன், அதையே அவர்கள் குறையாக எழுதிவிட்டார்கள். அந்தக் கணக்கில் பிரகாரம் சேர்த்த எந்தக் கோயிலும் தேறாது.

ஆனால் எழுபது வயது விதி திரும்பிக் கடிக்கவும் செய்தது. 1955-ல் கட்டிய இரண்டாவது அடுக்கு 2025 நவம்பர் 10 அன்று எழுபதைத் தொட இருந்தது, நகராட்சி கையிலேயே இருந்திருந்தால் அன்றிலிருந்து அதை இடிப்பது கஷ்டமாகியிருக்கும். அதற்கு முன் கிளப்புகளுக்கு விற்றாக வேண்டியிருந்தது. செப்டம்பர் கடைசியில் நகர மன்றம் நள்ளிரவு தாண்டி விவாதித்து, 24-க்கு 20 என்ற ஓட்டில் விற்பனைக்குச் சம்மதித்தது. விலை 197 மில்லியன் யூரோ, அரங்கமும் சுற்றியுள்ள நிலமும் சேர்த்து. பத்திரத்தில் கையெழுத்தானது நவம்பர் 5. ஐந்தே நாள் இடைவெளி!

புதியதை ஃபோஸ்டர் நிறுவனமும் மானிகா நிறுவனமும் வடிவமைக்கின்றன, சுமார் 71,500 இருக்கைகள், அதுவும் இரண்டு கிளப்புக்கும் பொதுவாகத்தான். குடித்தனம் தொடரும். பழையதில் ஒரு சிறு பகுதியை மட்டும் நிற்க விட்டு மற்றதை இடிப்பது திட்டம். வசதிக் குறைவு, பராமரிப்புச் செலவு என்று கிளப்புகள் சொல்லும் காரணங்கள் பொய் என்று நான் சொல்லமாட்டேன், மழையில் மூன்றாவது அடுக்கிலிருந்து கழிப்பறை தேடி இறங்கியவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். எதை மிச்சம் வைப்பது என்று என்னைக் கேட்டால், கோபுரங்களை எடுத்துக்கொள்ளட்டும், சிவப்புக் கர்டரையும் எடுத்துக்கொள்ளட்டும். 1955 சாய்தளத்தில் ஒரு சுற்றாவது நிற்கட்டும். கயிறு கட்டி, பலகை மாட்டி வேடிக்கை பார்க்க வைப்பதற்காக இல்லை. ஆட்கள் அதில் ஏறி இறங்க வேண்டும்.

மணி ஆகிவிட்டது, ஏற்பாட்டாளர் கையைக் காட்டுகிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள், ஆனால் 2003 அரையிறுதி பற்றி மட்டும் வேண்டாம், முன்வரிசையில் ஒரு இண்டர் சட்டை தெரிகிறது.