பென் டிரைவ் வாங்கப் போறீங்களா, எழுதுற வேகத்தைக் கேளுங்க

வணக்கம் நேயர்களே. நான் மதுரையில ரொம்ப வருஷமா கல்யாண வீடியோ மிக்ஸிங் பண்ணிக்கிட்டு இருக்கேன், அதான் பென் டிரைவைப் பத்திப் பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. முன்னாடி டிவிடி கவர்ல பொண்ணு மாப்பிள்ளை படம் போட்டுக் குடுப்போம், இப்ப யாரு வீட்லயும் பிளேயரே இல்ல, பூராம் பென் டிரைவ்தான். ஆடி மாசம் மட்டும்தான் என் டேபிள் காலியா இருக்கும்.

கடையில நம்மாளுக கேக்குற முதல் கேள்வி "எத்தனை ஜிபி?", ரெண்டாவது "எம்புட்டு?". அதோட முடிஞ்சுபோச்சு. வேகம் கேட்டா கடைக்காரரு அட்டையக் காட்டுவாரு, 150 எம்பி, 200 எம்பின்னு பெருசா போட்டிருக்கும். அது பென் டிரைவ்ல இருந்து படிக்கிற வேகங்க, அதுவும் அதிகபட்சம். நாம ஏத்துறமே, அந்த எழுதுற வேகத்தை நிறைய அட்டையில போடவே மாட்டாய்ங்க. ஏன் போடலைன்னா சொல்லிக்கிற மாதிரி இருக்காது, அம்புட்டுதான்.

ஒரு கல்யாணம் 50 ஜிபி வருதுன்னு வைங்க. செகண்டுக்கு 8 எம்பி எழுதுற பென் டிரைவ்ல ஏத்த ஒன்னேமுக்கா மணி நேரம் ஆகும். 80 எம்பி எழுதுறதுல பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு அட்டையிலயும் யூஎஸ்பி 3.0ன்னுதான் போட்டிருக்கும். உள்ள நாக்கு நீலமா இருந்தா வேகமானதுன்னு நினைச்சுக்கிறாங்க, ஆனா சிப்பு மட்டமா இருந்தா 3.0 இருந்தும் ஒன்னும் ஓடாது. பழைய 2.0 பேப்பர்ல பாத்தாலே செகண்டுக்கு 480 மெகாபிட், எட்டு பிட்டு சேந்தா ஒரு பைட்டு, அதாவது 60 எம்பிக்கு மேல போகாது, கையில அதுல பாதி வந்தா பெரிய விஷயம். அதனால 3.0க்கு கீழ வாங்காதீங்க, 3.0ன்னு போட்டிருக்குன்னு மட்டும் நம்பியும் வாங்காதீங்க.

இன்னொன்னு, முதல் ரெண்டு மூணு ஜிபி பிச்சிக்கிட்டுப் போகும், அப்புறம் படுத்துரும். மாட்டுத்தாவணியில ஜோரா கிளம்புன பஸ்ஸு கோரிப்பாளையத்துல வந்து நிக்குற மாதிரி. சில பென் டிரைவ்ல எழுதுறத முதல்ல வேகமான ஒரு சின்ன இடத்துல வாங்கி வச்சுக்கும், அது நிறைஞ்சதும் சிப்போட நிஜ வேகம் தெரிஞ்சுபோகும். அதனால சின்ன ஃபைலைப் போட்டுப் பாத்துட்டு "சூப்பர்ணே"ன்னு சொல்லாதீங்க.

இப்ப உசிலம்பட்டி பக்கத்துல இருந்து வந்த ஒருத்தர் கதையச் சொல்லணும், இதை நான் எங்க போனாலும் சொல்லுவேன். கையில 2 டிபி, அதாவது ரெண்டாயிரம் ஜிபி பென் டிரைவ். "அண்ணே, ஐநூறு ரூவாதாண்ணே, பேத்தி காதுகுத்து, மகன் கல்யாணம் எல்லாத்தையும் இதுலயே ஏத்திருங்க"ன்னாரு. ஐநூறு ரூவாய்க்கு 2 டிபி யாருங்க குடுப்பா? வேணாம்ணேன்னேன், கேக்கல. சரின்னு ஏத்துனேன், எல்லா ஃபைல் பேரும் வரிசையா தெரியுது, அவருக்கு ஒரே சிரிப்பு. கல்யாண ஃபைலைத் திறந்தா வரல. உள்ள இருந்தது சின்ன சிப்பு, கம்ப்யூட்டர்கிட்ட மட்டும் 2 டிபின்னு பொய் சொல்ற மாதிரி செட் பண்ணி வச்சிருக்காய்ங்க. நிறைஞ்சதும் பழசு மேலயே எழுதும், இல்லாட்டி வர்றதத் தூக்கிப் போட்டுரும். நல்லவேளை, ஒரிஜினல் என் ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சு, இல்லாட்டி காதுகுத்த திரும்பவா நடத்த முடியும்?

அதனால புதுசு எதுவா இருந்தாலும் முதல்ல முழுசா நிரப்பிப் பாருங்க. எச்2டெஸ்ட்டபிள்யூன்னு விண்டோஸ்ல ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர், லினக்ஸ்ல எஃப்3. கடைசி வரைக்கும் எழுதி, திரும்பப் படிச்சு, போலின்னா சொல்லிரும், எழுதுற வேகமும் அதுலயே தெரிஞ்சுரும். 64 ஜிபி வாங்கி 59 சொச்சம் காட்டுனா அது ஏமாத்து இல்லீங்க, கம்பெனி ஆயிரத்துல கணக்குப் போடுது, கம்ப்யூட்டர் 1024ல போடுது, அதுக்காக கடையில போய் சண்டை போடாதீங்க.

உழைக்கணும்னா நகம் சைஸ் வேணாம், சீக்கிரம் சூடாகும், தொலையவும் தொலையும். பலதுல எல்லாம் ஒரே சிப்புக்குள்ள இருக்கும், போச்சுன்னா டேட்டா எடுக்குறது ரொம்பக் கஷ்டம். மெட்டல் பாடி, சாவிக்கொத்துல மாட்ட ஓட்டை இருந்தா நல்லது. பில்ல பத்திரமா வைங்க, ஆனா வாரண்டியில புது பென் டிரைவ்தான் வரும், உங்க வீடியோ வராது. எழுதிக்கிட்டு இருக்கும்போது வெடுக்குன்னு புடுங்காதீங்க, எஜெக்ட் குடுத்து எடுங்க.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தம்பி கை காட்டுறாரு, ஒரு நிமிஷந்தானாம். வீட்டு டிவில ஓடலைன்னு நிறைய பேரு போன் பண்றீங்க, பழைய டிவி பலதுக்கு எஃப்ஏடி32ங்கிற பழைய ஃபார்மட்தான் தெரியும், அதுல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா போட முடியாது, துண்டு துண்டா போட்டுத் தரச் சொல்லுங்க. அப்புறம் பீரோவுல வருஷக்கணக்கா போட்டு வைக்கிறதுக்கு இது ஆகாது, உள்ள இருக்குற சார்ஜ் மெல்ல மெல்ல எறங்கும், நம்மூர் வெயில்ல இன்னும் வெரசா. வேற ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி கட்டாயம் இருக்கணும். டைப் சி பத்தியும் சொல்லணும்னு எழுதி வச்சிருந்தேன், நேரம் இல்ல, வணக்கம்.