சபையில் யார் பேசினார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு நீதி போதனை எடுத்த ஆசிரியன் நான். பொய் சொல்லாதே, பிறரை மதி என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அதோடு சரி.

செய்யாறு பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. விடிய விடியப் பார்த்துவிட்டு வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகளைக் கோபித்திருக்கிறேன். ஒரு வருடம் நானும் பாயைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு போய் உட்கார்ந்தேன். அன்று துகில் கூத்து, பாஞ்சாலியின் சேலையை உரியும் கதை.

தோளில் புஜக்கட்டையும் தலையில் கிரீடமும் கட்டிய துச்சாதனன் பாஞ்சாலியை நெருங்குகிறான். சட்டென்று ஆட்டம் நிற்கிறது. வேஷக்காரர் கற்பூரம் ஏற்றி, அம்மனை நோக்கிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார். அதன் பிறகுதான் சேலையில் கை வைக்கிறார். என் பக்கத்தில் இருந்த பையன்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். நான் வருடக்கணக்கில் கரும்பலகையில் எழுதியது அங்கே கண்முன்னால் நடந்தது.

மறுநாள் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பாஞ்சாலி சபையில் கேட்ட கேள்வியை மட்டும் போட்டேன்: தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாடத் தருமருக்கு என்ன உரிமை? முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. 'தருமம் நுட்பமானது' என்று பீஷ்மர் நழுவியதைச் சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: "அவருக்குப் பதில் தெரியலையா சார், இல்ல பயமா?" கௌரவர்களிலேயே ஒருவன், விகர்ணன், எழுந்து இது அநியாயம் என்றான், கர்ணன் அவனை அடக்கினான். இதையும் சொன்னேன்.

அப்புறம் சபையை வகுப்பிலேயே அமைத்தோம். துரியோதனனாக நிற்கப் போட்டி. வாய் திறக்காத பெரியவர்களாக உட்கார ஆள் இல்லை. பத்துப் பேரை நானே உட்கார வைத்தேன். முடிந்ததும் அவர்களில் ஒருவன் சொன்னான்: "சும்மா உட்கார்ந்திருந்ததுதான் சார் கஷ்டமா இருந்துச்சு."

2003-ல் யுனெஸ்கோ கொண்டுவந்த மரபுரிமை உடன்படிக்கை, நிகழ்த்துகலைகளைக் கல்வி வழியாகவும் இளையவர்களிடம் சேர்க்கச் சொல்கிறது. இந்தியா 2005-ல் அதில் இணைந்தது. நம் பள்ளிகளிலோ ஆண்டுவிழாவில் ஐந்து நிமிடக் கூத்தோடு கடமை முடிகிறது. அது எனக்கு வருத்தம். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் செய்வதையும் பிள்ளைகள் முழுதாகப் பார்க்கட்டும். அவன் சில நேரம் பெண்களை மட்டமாகப் பேசுவதுண்டு. அதையும் மூடி மறைக்காமல் வகுப்பில் வைத்தே பேசலாம்.

ஒரு முறை துச்சாதனன் வேஷம் கட்டுபவரை வகுப்புக்கே அழைத்துவந்தேன். அரிதாரம் இல்லாமல், வெள்ளை வேட்டியில் கூச்சத்தோடு வந்து நின்றார். முன்வரிசைப் பையன் எழுந்து, "வேஷம்தானே ஐயா, அப்புறம் கற்பூரம் எதுக்கு?" என்று கேட்டான்.

அவர் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்தார். "வேஷந்தான் தம்பி. ஆனா கை என்னுது ஆச்சே" என்றார்.