புவியியல் படித்தவர் எப்படிப் பல்கலைக்கழகத் தலைவர் ஆனார்? – ஈசூன் அம்மாவின் கேள்விக்கு

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் ஜேசியில், அதாவது தொடக்கக் கல்லூரியில், புவியியலை ஆசையாகப் படிக்கிறாளாம், சொந்தக்காரர்கள் "அதைப் படித்து டீச்சர் வேலைக்குத்தான் போகணும்" என்கிறார்களாம். "போன முறை லிலி கோங் பற்றிப் பேசினீர்களே, அவரும் புவியியல்தானே, பிறகு எப்படி நிர்வாகப் பல்கலைக்கழகத்துக்குத் தலைவர் ஆனார்?" என்கிறார். ரொம்ப நல்ல கேள்விம்மா.

சரி. 2019 ஜனவரியில் லிலி கோங் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் (எஸ்எம்யு) தலைவரானார். சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைமையேற்ற முதல் சிங்கப்பூர்ப் பெண் என்று செய்தி வந்தது, நாமும் கை தட்டினோம். நான் வழக்கமாகச் சொல்வதுதான், அதற்கு முந்தின வருஷங்களைப் பாருங்கள். 1991இல் லண்டனில் முனைவர் பட்டம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2000 முதல் 2003 வரை கலை, சமூக அறிவியல் புலத்தின் டீன். அப்புறம் துணைத் தலைவர். 2015இல் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் புரோவோஸ்ட், அதாவது கல்வி விவகாரங்களுக்கான தலைமைப் பொறுப்பாளர். பாடத்திட்டம், ஆராய்ச்சி, பேராசிரியர் நியமனம் என்று எல்லாக் கோப்பும் வந்து நிற்கிற மேசை அது. அங்கே மூன்று வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவர்தான் தலைவரானார். முந்தின வருஷங்களைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

புவியியலுக்கு வருகிறேன். அவர் ஆராய்ந்தது மலையும் ஆறும் என்று நினைத்துவிடாதீர்கள். உணவங்காடி நிலையங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார், நம் தைப்பூச ஊர்வலத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். நான் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுத்து நடந்தவன். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர், வெயில் காலைச் சுடும், அரோகரா சத்தம் ஒன்றுதான் காதில் விழும். எந்தத் தெருவில் போகலாம், எங்கே மேளம் அடிக்கலாம், இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. பக்தர், அரசு, அந்த வழியாக வேலைக்குப் போகிறவர், மூவருக்கும் ஒரே சாலை, அதை எப்படிப் பகிர்வது? அதுவும் புவியியல்தான். இப்படிக் கேட்டுப் பழகியவருக்கு ஒரு பல்கலைக்கழகத்தை நடத்துவது அந்நியமான வேலையாக இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதனால் அம்மா, என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது, மகளின் கண்ணுக்கு என்ன படுகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு உங்கள் பேட்டை உணவங்காடிக்குப் போய் ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், ஏன் என்று அவளைக் கேளுங்கள். அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள், அடுத்த முறை அதிலிருந்தே தொடங்குகிறேன்.