கேரட்டுக்காக வளைகிற கழுத்து

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கும் இரைச்சல் லாயத்து மின்விசிறி. இந்தப் புழுக்கத்தில் அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் நிற்பவன் பழைய ரேஸ் குதிரை. சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் முடிந்ததல்லவா, இவன் அதற்கு முன்பே ஓய்வுக்கு வந்தவன். வாரம் இரண்டு நாள் நான் ஏறுகிறேன். இப்போதுதான் இறங்கினேன். இவன் உடம்பு சூடாக இருக்கும்போதே, கேரட்டைக் காட்டிக் கழுத்தை வளைக்க வைக்கும் பயிற்சியைச் செய்துவிடலாம்.

தேக்கா சந்தையில் வாங்கிய கேரட் இது. வட்டமாக நறுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் கீறுங்கள். அது நம் விரலுக்கும் நல்லது. போன மாதம் துண்டு சிறியதாகிவிட்டது, இந்தக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், இன்னும் கறுப்பு.

மூக்குக்குக் கீழே காட்டி, மெதுவாக நெஞ்சுக்குக் கொண்டு போகிறேன். அப்புறம் முன்னங்கால்களுக்கு நடுவே முழங்கால் உயரம். அப்புறம் குளம்புக்குப் பக்கம். சில நொடி அங்கேயே நிற்க வைத்துவிட்டுத்தான் தர வேண்டும். உடனே கொடுத்தால் பறித்துக்கொண்டு நிமிர்ந்துவிடுவான்.

அடுத்தது பக்கவாட்டில். சேணத்து வார் கட்டும் இடம், பிறகு இடுப்பு. இதோ, பார்த்தீர்களா திருட்டுத்தனத்தை! கழுத்தை வளைக்காமல் பின்பக்கத்தை நகர்த்துகிறான். அதற்காகத்தான் சுவர் ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். காதுகளையும் கவனியுங்கள். ஒரு காது தாழ்ந்தால், தலையை மட்டும் சாய்த்து ஏமாற்றுகிறான் என்று அர்த்தம்.

சும்மா தீனி காட்டும் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். குதிரைகளின் அசைவை ஆராயும் கால்நடை மருத்துவர் ஹிலாரி கிளேட்டனும் சக ஆய்வாளர்களும் 8 குதிரைகளுக்கு வாரம் 5 நாள், 3 மாதம் இதைச் செய்ய வைத்தார்கள். முதுகெலும்பை ஒட்டிய தசை தடித்திருந்தது. 2011இல் வெளிவந்த ஆய்வு அது.

சரி, கால். நமக்குத் தோளையும் நெஞ்சையும் இணைக்கிற காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்னங்காலை உடம்போடு பிடித்து வைத்திருப்பது தசையும் தசைநாரும்தான். அதனால் இழுக்கவே கூடாது. முழங்காலுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, அவன் விடுகிற அளவுக்கு முன்னால் கொண்டு வந்தால் போதும்.

ஆரம்பத்தில், சிங்கப்பூர் வெயிலில் தசை தானாகச் சூடாகத்தானே இருக்கும் என்று, நடக்கக்கூட விடாமல் லாயத்திலேயே காலைத் தூக்கினேன். வெடுக்கென்று உதறினான், நான் வைக்கோலில் உட்கார்ந்தேன். குதிரை பார்க்கும் அண்ணன் எட்டிப் பார்த்து, “தம்பி, நீ காலையில எந்திரிச்சதும் காலைத் தலைக்கு மேல தூக்குவியா?” என்றார். இப்போதெல்லாம் ஏறாத நாளென்றால் முதலில் பத்து நிமிடம் கயிறு பிடித்து நடை.

இவனுக்கு வலப்பக்கம் கொஞ்சம் இறுக்கம். கடைசியாக ஒரு முறை பார்ப்போம். வாடா... இன்னும்... காது நேராக இருக்கிறது, பார்த்தீர்களா? தொட்டுவிட்டான்! டேய், அது பை. பையை விடுடா!